சுருட்டு வைத்த கல்லறை

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் இருக்கும். ரங்கூனில் ஒரு இங்கிலீஷ்காரக் கோயிலுக்கு மணியடித்துக் காவல் இருந்தேன். முதலில் அது மரக் கோயிலாம், பர்மாவைப் பிடிக்க வந்த பட்டாளத்துக்காகப் போட்டது. செங்கல் பிறகுதான். மணி சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம். இறக்கியவர்கள் நம் துறைமுகக் கூலிகள், அதில் ஒருவருக்குக் கால் நசுங்கி... அதை விடுங்கள், கல்லறையைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. மழை பிடித்தால் கோயில் தாழ்வாரத்தில் யாரோ ஓடுகிற சத்தம் வரும். பர்மா பிடித்த சண்டையில் செத்த துரை பூட்ஸோடு அலைகிறார் என்று எனக்கு முன்னால் இருந்த காவல்காரர் சொல்லியிருந்தார். ஆள் உயரக் கல்லைக் காட்டி, அதுதான் துரை கல்லறை என்று வெள்ளிக்கிழமை தவறாமல் சாராயமும் சுருட்டும் வைக்கச் சொன்னார். ஊரில் முனிக்கு வைப்பதுதானே, வைத்தேன்.

என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இதையும் துரை கொண்டுபோய்விடுவாரோ என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போக மூட்டை கட்டுவாள், அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் குமாஸ்தா அந்தப் பக்கம் வந்தார். நம் தமிழர்தான், மிஷன் பள்ளியில் படித்தவர்.

"யாருக்கய்யா இந்தப் படையல்?"

"துரைக்குங்க."

அவர் கல்லில் இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். "துரையாவது! மூணு வயசுப் பொம்பளப் புள்ளைய்யா. காய்ச்சல்ல போயிருக்கு. அதுக்குப் போயி சாராயம் ஊத்துறியே."

வாசலில் நின்று கேட்ட என் மனைவி சிரிக்கவில்லை. சாராயத்தைக் கொட்டிவிட்டுக் கல்லைக் கழுவினாள். சாயங்காலம் கிண்ணத்தில் பால் கொண்டுபோய் வைத்தாள். மூட்டையை அவிழ்த்துச் சேலைகளைக் கொடியில் போட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத்தான் நிம்மதி போயிற்று. துரை என்றால் ஒரு சுருட்டோடு போய்விடுவார். மடி தேடுகிற பிள்ளையை எதைக் கொடுத்து அனுப்புவது? அண்ணன் வீட்டுக்கே போய்விடலாம் என்று இப்போது நான் சொன்னேன்.

"நீங்க வேணும்னா போங்க. புள்ளைக்கு என்ன பயம்? வெளையாட ஆளில்லாம ஓடுது, அவ்வளவுதான்."

மகள் அந்த வீட்டிலேயே பிறந்தாள், தங்கினாள். பால் காய்ச்சினால் என் மனைவி இரண்டு கிண்ணத்தில் ஊற்றுவாள். அடுத்த மழைக்கு மகள் நடக்க ஆரம்பித்தாள். பலகைத் தரையில் காலடிச் சத்தம் கேட்கும். அவள்தான் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.