புளிப்பானைக்குப் பின்னால் இருந்த பாட்டில்

என் அலமாரியில், வாங்கி வைத்துப் படிக்காத தடித்த புத்தகங்களுக்குப் பின்னால், போன மாதம் வரை ஓர் ஊறுகாய் பாட்டில் இருந்தது. அடியில் விரலால் வழித்த தடத்தோடு கொஞ்சம் வெள்ளைப் பசை காய்ந்து கிடக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னமும் லேசாகச் சாம்பிராணி வாசம் வரும். யாராவது கேட்டால் புத்தகப் பூச்சிக்கு மருந்து என்று சொல்லிவந்தேன். பொய்யில் எனக்குள்ள தேர்ச்சி அந்தப் பாட்டிலில்தான் தொடங்கியது.

வடுகபட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். அங்கே சத்துணவு சமைத்தவரை நாங்கள் சமையலக்கா என்போம். சாம்பார் அண்டாவோடு மல்லுக்கட்டியவர். கையில் சூடு படாத வாரம் கிடையாது. அதற்காகவே மடியில் ஒரு சின்ன டப்பாவில் குங்கிலிய வெண்ணெய் வைத்திருப்பார். மலை மரத்துப் பிசினான குங்கிலியத்தைக் கம்பத்து நாட்டுமருந்துக் கடையில் கட்டியாக வாங்கி, இடித்துச் சலித்து, நல்லெண்ணெயில் உருக்கி வடிகட்டுவார். அதைத் தண்ணீரில் ஊற்றிக் கையால் அடிக்க அடிக்க, பழுப்பு வெளுத்து வெண்ணெயாகத் திரண்டு வரும். சூட்டுக் கொப்புளம், பித்தவெடிப்பு, ஆறாத சிராய்ப்பு எல்லாவற்றுக்கும் அதுதான்.

எனக்கு வந்ததோ வெளியே சொல்லக்கூடாத இடத்தில். மூலம். நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்தினேன். கடமையுணர்ச்சி என்று தலைமையாசிரியர் பாராட்டினார். சமையலக்கா மட்டும் ஏமாறவில்லை.

“நாற்காலில பாதிதேன் உக்காருறீக. எத்தன நாளா சார்?”

நான் பாடத்திட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் மடியிலிருந்த டப்பாவை எடுத்துக் காட்டினார்.

“எங்க மாமனாரு இதத்தேன் போட்டாக, ஒரு மாசத்துல சைக்கிள் மிதிச்சாக. வெக்கப்பட்டா எரிச்சல் நிக்குமா?”

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தார். மறுநாள் ஓர் ஊறுகாய் பாட்டில் நிறைய மருந்து கொண்டுவந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மாமியார் மூடியைத் திறந்து ஆராய்வார். ஆகவே சத்துணவுக் கூடத்தில், புளிப்பானைக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். சாப்பாட்டுச் சாமான் பக்கத்தில் வேண்டாமே என்று அவர் தயங்கினார். வற்புறுத்தியது நான்.

மூன்றாவது வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி பானையை நகர்த்தினார். ஆசிரியர்கள் எல்லாரும் பின்னால் நின்றோம்.

“சமைக்கிற எடத்துல இது என்னம்மா?”

“மருந்து சார்.”

“யாருக்கு?”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

“ரகசிய மசாலாவா இருக்கும் சார். சாம்பார் எப்படித் தொண்டையில வழுக்கிட்டு எறங்குதுன்னு இப்பத்தான் வெளங்குது.”

அதிகாரி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி, நகைச்சுவை எடுபட்டுவிட்டதே என்று. சிரித்துக்கொண்டே அவர் நோட்டில் எழுதினார்.

சமையலக்காவைத் தேவதானப்பட்டிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கடைசி நாள், செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலை என் மேசையில் வைத்தார். அதிகாரியிடம் ஏன் சொல்லவில்லை என்று அவரையே கேட்கும் துணிச்சல்கூட எனக்கு இருந்தது.

“அடுப்பத் தொட்டுட்டேன்ல சார். தீந்துருச்சுன்னா சொல்லியனுப்புங்க. அங்கனயும் அடுப்பு இருக்கு.”

அந்த மருந்திலேயே குணமாகி, உட்கார்ந்து பாடம் நடத்தினேன். சொல்லியனுப்பவில்லை. ஆனால் ரகசிய மசாலாவைப் பட்டிமன்ற மேடைகளில் சொல்லிப் பலமுறை கைதட்டு வாங்கினேன்.

போன மாதம் பழைய தொந்தரவு திரும்பியது. டாக்டர் எழுதிய களிம்பை வாங்கத் தேனியில் மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி, “மூலத்துக்கா சார்?” என்றாள். ஆமாம் என்றேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு பெண்பிள்ளை வருடக்கணக்கில் நாளுக்கு நான்கு பஸ் ஏறி இறங்கினார்.

வீட்டுக்கு வந்து, புத்தகங்களை விலக்கி, பாட்டிலை அலமாரியின் முன்தட்டில் எடுத்து வைத்தேன். இரவு மனைவி கேட்டாள், இது என்ன என்று. எனக்கு மூலம் வந்தபோது போட்ட மருந்து என்றேன். யார் செய்தது என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருந்தது.