மூளியாகக் கொடுக்கக் கூடாதென்று

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். போர்வெல் லாரி, செங்கல் சூளை, ஓட்டல் என்று எங்கேயும் ஒரு வருசம் தாண்டியதில்லை. பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தபோதுதான் கொஞ்சம் நின்றேன். மூன்றாவது மாடி அம்மாவின் பையன் நடக்க ஆரம்பித்ததும், அவனை உட்காரவைத்துத் தள்ளிய வண்டியை அந்த அம்மா என்னிடம் கொடுத்தார்.

"ஊருக்கு எடுத்துட்டுப் போங்க. முன்னாடி மாட்டுற தட்டு மட்டும் வேணாம். அது ரீகால் ஆயிடுச்சு. கம்பெனியே அதைத் திரும்பக் கேட்டுட்டாங்க."

எதற்கு என்று கேட்க வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன். மறுநாள் காலையில் அந்தத் தட்டு குப்பைத் தொட்டியில் கிடந்தது. குழந்தைக்கு பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வைக்கிற தட்டு. ஒரு கீறல் இல்லை. பணக்காரர்கள் எதைத்தான் தூக்கிப் போடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கழுவி வண்டியில் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது; கீலில் கதவு மாதிரி திறந்து மூடியது.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். அக்கா கல்யாணத்தின்போது நான் எந்த ஊரில் இருந்தேன் என்றே வீட்டுக்குத் தெரியாது. இந்தத் தடவையாவது சீர் குறையில்லாமல் போகவேண்டும். தட்டு இல்லாவிட்டால் அது மாட்டுகிற இரண்டு ஓட்டையும் பளிச்சென்று தெரியும். மூளிப் பொருளை எங்கள் பக்கம் சீரில் வைக்கமாட்டார்கள்.

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா வீடு வரை தள்ளிக்கொண்டே போனேன். சேலை, வேட்டி, பழம் எல்லாம் வண்டிக்குள்.

"மாப்ள கார்லயே வந்துட்டாரு, வழி வுடுங்கப்பா!" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"பெட்ரோலாங்க, டீசலாங்க?" என்றார் அவர் தம்பி. பந்தலே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. தட்டைத் தடவிப் பார்த்தாள். "எல்லாம் இருக்குதாடா? நம்ம வூட்டுச் சீர்ல ஒண்ணும் கொறையலையே?"

"ஒண்ணும் கொறையல."

நாலாம் நாள் மத்தியானம் குழந்தைக்குக் களி ஊட்ட உட்கார்ந்த அக்கா தட்டை மூடி அழுத்தினாள். குழந்தையின் வலது ஆள்காட்டி விரல் கீலின் இடுக்கில் இருந்ததை அவளும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த நானும் பார்க்கவில்லை. நகத்தோடு நுனி துண்டாகிவிட்டது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒட்டவைக்க முடியாது என்றார்கள்.

வராண்டாவிலிருந்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே! கீல்ல விரல் மாட்டுதுன்னுதான் திரும்பக் கேட்டாங்க. தட்டை அனுப்பக்கூட வேணாம், உடைச்சு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னாங்க."

"ஒடைச்சீங்களாம்மா?"

"குப்பையிலதானே போட்டேன்" என்றார்.

திட்ட வாய் வந்தது. குப்பைக்குள் கைவிட்டது நான்தானே.

குழந்தையைக் கூட்டிவந்த அன்று தட்டைக் கழற்றிக் கல்லால் அடித்தேன். மூன்று அடிக்கும் உடையவில்லை. ஆஸ்பத்திரியில் நான் போனில் பேசியதைக் கேட்டிருந்த அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேவா குடுத்த?"

"வேணாம்னாங்க. ஏன்னு நான் கேக்கல."

அவள் வண்டியை என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். "எடுத்துக்கிட்டுப் போ."

அந்த இரண்டு ஓட்டையும் தெரிய, வந்த வழியே பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கொடுத்த சீரைத் திரும்ப எடுத்துப்போன தாய்மாமன் எங்கள் பக்கம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.