நாளைக்கு என்ற கட்டத்தில் பதினோரு டிக்

நாம் நினைப்பதைக் கண்டுபிடித்துத்தான் அந்த வாட்ச் கத்துகிறது என்று நான் நம்பினேன். ஏழாம் வகுப்புப் பையன் இதையெல்லாமா நம்புவான் என்று கேட்காதீர்கள். கணக்கில் இருபத்தொன்று வாங்கி, ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டவன் எதையும் நம்புவான்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். நாங்கள் மூலக்குளத்தில் இருந்தோம். பக்கத்துத் தெரு அக்கா லாஸ்பேட்டைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஜனங்கள் ஒரு நாளில் எத்தனை தடவை பழசை நினைக்கிறார்கள், எத்தனை தடவை வரப்போவதை நினைக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. அப்பாவிடம் ஒரு வாட்சும் நோட்டும் கொடுத்தார். வாட்ச் கத்தும்போது மனதில் ஓடுவதை ஒரு வரி எழுதி, நேத்து, இன்னைக்கு, நாளைக்கு என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு.

"இதுக்குக்கூட பட்டம் தர்றாங்களாம்மா?" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அந்த வாட்சை என் கையில் கட்டிவிட்டார். "கம்பெனியில வாட்ச் கட்ட வுட மாட்டாங்கடா. நீயே எதனா எழுதிடு." தன் பழைய வாட்சைக் கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு, கம்பெனிக்குப் போகும் சேதராப்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கணக்கு வகுப்பில் கத்தியது. சோறு தின்னும்போது கத்தியது. எப்போது கத்தினாலும் நான் அந்தக் கள்ளக் கையெழுத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்பா நினைப்பதுபோல எழுதினேன்: ‘மார்க் குறைந்தாலும் பையனை அடிக்கக் கூடாது.’ நாளைக்கு என்ற கட்டத்தில் ஒரு டிக்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து நோட்டைப் புரட்டினார். "என்னண்ணே, பதினோரு தடவ இதையே நெனச்சிருக்கீங்க? நேத்த பத்தி ஒண்ணுகூட இல்லியே!"

நான் செருப்பைத் தேடினேன். ஓடுவதற்குத்தான்.

அப்பா நோட்டை வாங்கி, என் கோழிக் கிறுக்கலை நிதானமாகப் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாந்தாம்மா எழுதுனேன். நாளைக்க வுட்டா வேற என்ன நெனப்பு?"

மறுநாளும் அடி விழவில்லை. வாட்சையே ஏமாற்றிவிட்டோம் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அது அக்கா முன்கூட்டியே நேரம் வைத்துக் கொடுத்த வெறும் அலாரம். அப்பாவைக் கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்தி அந்த ஞாயிற்றுக்கிழமையோடு பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் டிபன் பாக்ஸோடு பீச்சில் உட்கார்ந்திருந்தார்.