கரையான்சாவடி ஓட்டு வீடு வேண்டாமென்றேன்

பேத்தி வேலப்பன்சாவடி காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள். நேற்று பரீட்சைக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். விக்டோரியா ராணி காலத்து நாவலாம். அதில் வரும் சதுப்பு நிலமும் சூளையும் பட்டணமும் வெறும் இடங்கள் இல்லையாம், ஆளையே உருவாக்குகிறவையாம். இதற்கு ஒரு காலேஜா? அஞ்சாம் கிளாஸ் படித்த எனக்கு இது எழுபதுகளிலேயே தெரியும்.

அப்போது அம்பத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் எண்ணெய் வாசனை எந்த சோப்புக்கும் மசியாது; அந்தக் கையோடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போவேன். கூட வேலைபார்த்த முருகேசன் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் உத்தியோகம். தங்கை சரோஜா பி.ஏ. படித்தாள். தன் பாடத்திலிருந்த இங்கிலீஷ் நாவலை வாரம் கொஞ்சமாக எங்களுக்குத் தமிழில் சொல்வாள். பேத்தி படிப்பதும் அதேதானோ என்னவோ. சீமையின் சதுப்பு நிலத்தை நான் எங்கே கண்டேன்? எங்கள் ஏரிக்கரையை அங்கே போட்டுக்கொண்டேன். பெரிய பங்களாவுக்குத் திருமுல்லைவாயிலில் பூட்டிக்கிடந்த ஒன்று. லண்டனுக்கு மவுண்ட் ரோடு. கதை கச்சிதமாக உட்கார்ந்தது, நம்புங்கள்.

கதாநாயகன் பட்டணம் போனதும் பிறந்த குடிசையை மறைத்தான். "அங்கதான் அவன் கெட்டுப்போனான்" என்றாள் சரோஜா, என்னைப் பார்த்து.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. முருகேசனே வீட்டில் பேசினான். மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பா வருகிறார் என்றதும் அவனுக்கு உதறல் எடுத்துவிட்டது. என் வீடு ஏரிக்கரைக் குடிசை அல்லவா!

"மச்சான், கரையான்சாவடில நம்ம மேஸ்திரி ஊடு கீது. ஓட்டு ஊடு. ஒரு நாளிக்கி அதான் உன் ஊடுன்னு காட்டிடலாம்."

"உன் தங்கச்சி சொன்ன கதைய நீ கேக்கவே இல்லியா? என் ஊட்டுக்கே இட்டுகினு வா."

வந்தார். மழை விட்ட மறுநாள், வாசல்வரை தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்தபடி, "இங்கனதான் குடியிருக்கியளா?" என்றார்.

"இங்கதான் பொறந்தேன் சார். உக்காருங்க."

உட்காரவில்லை. அம்மா கொடுத்த காபி அவர் கையிலேயே ஆறியது. அடுத்த தையில் சரோஜாவைத் திருச்சிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "ஒரே ஒரு பொய் சொன்னா இன்னாடா கொறஞ்சிருக்கும்?" என்று முருகேசன் ரொம்ப நாள் திட்டினான்.

சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. பிறகு சொந்த லேத், சொந்தக் கம்பெனி எல்லாம் அந்தக் குடிசை விலாசத்துக்கே வந்தன. எனக்குப் பெண் கொடுத்த மாமனாரும் அதே சேற்றில் நடந்துதான் வந்தார், வந்து உட்கார்ந்தார்.

இன்று அந்த ஏரியைத் தூர்த்து லாரி நிறுத்துகிறார்கள். இப்போதும் யாராவது வந்து, நீ பிறந்த இடத்தைக் காட்டு என்றால் தலை நிமிர்ந்து அங்கேதான் கூட்டிப்போவேன். காட்டுவதற்குத்தான் ஒரு கைப்பிடிச் சேறுகூட மிச்சமில்லை.