நாப்பத்தொம்பது

வேதியியல் துறை அலுவலகத்தில் என் பக்கத்து மேசை எழுத்தரை, கூட வேலை பார்க்கும் நாங்கள் ‘நாப்பத்தொம்பது’ என்றுதான் சொல்வோம். முதன்மைப் பாடத்தில் ஐம்பது மதிப்பெண் எடுக்காதவர்கள் துறையை விட்டுப் போகவேண்டும் என்பது விதி. முப்பது வருஷத்துக்கு முன் இங்கே மாணவராக இருந்தவர், ஒரே மதிப்பெண்ணில் கோட்டை விட்டார். போக்கிடம் இல்லாமல் இங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். வருஷாவருஷம் வெளியேற்றக் கடிதங்களைத் தட்டச்சு அடிப்பதும் அவர்தான். அழுதுகொண்டு வரும் பிள்ளைகளிடம், “ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் துறைத்தலைவர் ஒரு தாளை அவரிடம் நீட்டினார். “சேர ஆளே வரமாட்டேங்குறாங்க சார். ஐம்பதை நாப்பதாக் குறைச்சாச்சு. அடிச்சு ஒட்டிடுங்க.”

அவர் பாதி அடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “முன்னாடி வெளிய போனவங்களுக்கு இது செல்லாதுன்னு ஒரு வரி வேணுமில்ல?”

“இதுல அப்படி எதுவும் இல்லையே. யாரு சார் வந்து கேக்கப்போறா?”

அவர் அந்த வரியைத் தானாகவே சேர்த்து அடித்து, கையெழுத்துக்கு அனுப்பினார்.