நல்ல தண்ணி வரிசை

மனை விற்கிறது என்றால் வெயிலில் நின்றுகொண்டு இல்லாத வீட்டைக் காட்டுகிற வேலை. நீங்களும் எதையாவது விற்றுப் பிழைக்கிற ஆள்தான் என்றால், வாங்க வந்தவரிடம் உண்மையைச் சொன்னால் அவர் நம்மை எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கஷ்டமெல்லாம் இல்லை, பிடிக்கவில்லை. விருதுநகரில் வத்தல் கடை வைத்திருந்த என் தாய்மாமா, ஊரெல்லாம் பிளாட் போடுவதைப் பார்த்துவிட்டு, சாத்தூர் போகிற வழியில் ஒரு பொட்டலை வாங்கி மஞ்சக்கல் நட்டார். பொம்பளைகள் வந்தால் பேச ஒரு பொம்பளைப்பிள்ளை வேணும் என்று ரெண்டு வருசம் கழித்து என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். அந்த இடத்துக்கு அவர் வைத்த பேரில் சோலை இருந்தது. இடத்தில் வேலிக்கருவேலம் இருந்தது.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேட்டு வரிசையில் போர் போட்டால் உப்புத் தண்ணி. பள்ளத்து வரிசையில் நல்ல தண்ணி. எங்கள் பக்கத்தில் பருப்பு வேகிற தண்ணி கிடைக்கிற இடம் என்றால் சொத்தை எழுதிக் கொடுப்பார்கள். அதனால் பள்ளம்தான் முதலில் விற்றது. நல்ல தண்ணி அங்கே எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கூடு

பள்ளத்துக் கருவேல மரங்களில், என் தலைக்கும் மேலே, கவட்டைக்குக் கவட்டை வைக்கோல் அடைந்து கிடக்கும். எல்லா மரத்திலும் ஒரே உயரம், நூல் பிடித்த மாதிரி. சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற ஒருத்தர் குடும்பத்தோடு வந்தார். “இம்புட்டுக் குருவிக்கூடா?” என்று அவர் வீட்டம்மா ஆசையாகக் கேட்டார்.

எனக்கு முன்னமே சந்தேகம். ஒரு நாள் குச்சியால் ஒன்றை இழுத்துப் பார்த்திருந்தேன். சோளத்தட்டை, நத்தை ஓடு, நடுவில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. எந்தக் குருவி செருப்பு வைத்துக் கூடு கட்டும்? “குருவி இல்லக்கா, வெள்ளம் விட்டுட்டுப் போனது. இந்த உசரத்துக்குத் தண்ணி வந்திருக்கு,” என்றேன். மாமா என் காலை மிதித்தார். அச்சாபீஸ்காரர் மரத்தை அண்ணாந்து பார்த்தார், வெடித்துக் கிடந்த தரையைக் குனிந்து பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இங்கன வெள்ளமா? குடிக்கவே தண்ணி லாரிக்குக் காத்துக் கெடக்கோம், நல்லாச் சொல்லுறீகம்மா.”

பகல் மட்டும்

பக்கத்துக் கிராமத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரு பாறை மேட்டில், வீட்டோடு வீடு ஒட்டி நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். கீழே இவ்வளவு சமதரை சும்மா கிடந்தும் ஒரு குடிசை இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தால் அங்கேயிருந்து ஒரு அம்மா வெள்ளரிப்பிஞ்சு கொண்டு வரும். பொழுது சாய்கிறதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

ஒரு ஞாயிறு, வாங்க வந்த பொம்பளைகள் முன்னாலேயே, கீழே ஏன் ஒருத்தரும் தங்குவதில்லை என்று கேட்டேன். அந்த அம்மா ஒளிக்கவில்லை. “மேற்க மலையில மழை பெஞ்சா இங்கன தெரியாது. வானம் வெளுத்துக் கெடக்கும், தண்ணி சத்தமில்லாம வந்து நிக்கும். எங்க ஊரே கீழதான் இருந்துச்சு. மிச்சப்பட்டவுகதான் மேல ஏறுனோம்,” என்றது.

வேனில் திரும்பும்போது பின்சீட்டில் கிசுகிசுப்பு. இருட்டினால் ஆள் நிற்காத இடம் என்றால் அது பேய்தானாம். மாமாவுக்கு ஒரே சந்தோசம். வெள்ளத்துக்கு அவரிடம் பதில் இல்லை, பேய்க்கு இருந்தது. அடுத்த வாரமே பூசாரியைக் கூட்டி வந்து நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்தார். பள்ளிவாசல் அசரத்தும் வந்து ஓதிவிட்டுப் போனார். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்த ஒருத்தர் எனக்குத் தைரியம் சொன்னார்.

“பேயிதான பாப்பா, அது மனுசங்க பொழங்குனா தானாப் போயிரும்.”

ஆட்டுக்கல்

மாரியம்மா அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பள்ளத்து வரிசையில் கடைசி மனையை வாங்கி, முதலில் வீடு கட்டியதும் அவர்கள்தான். செல்வி என்று ஒரே பிள்ளை, மூணாவது படித்தாள். நான் வாங்குவதற்கு முன்னாலும் சொன்னேன், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதும் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. “மருந்து ரூம்ல உக்காந்து வேலை பாக்குறோம் தங்கச்சி, தண்ணியக் காட்டியா பயமுறுத்துற,” என்று சிரித்தார்.

கக்கூஸ் குழி தோண்டினபோது ஆள் மட்டத்துக்குக் கீழே கடப்பாரை ணங் என்றது. மண்ணைத் தள்ளினால் ஆட்டுக்கல். குழவி உள்ளேயே இருந்தது. குழவியைத் தூக்கினதும் அடியில் கொஞ்சம் வண்டல், மாவு மாதிரி நைசாக. சுற்றிச் சுவரும் இல்லை, ஓடும் இல்லை, வெறும் மணல். வீடு காலி பண்ணுகிறவர்கள் குழவியைக் கல்லிலேயே விட்டுவிட்டா போவார்கள்? யாரோ அரைத்துக்கொண்டிருந்தபோது பாதியில் எழுந்திருக்கிறார்கள். தோண்டின ஆட்கள் ரெண்டு பேரும் குழியை விட்டு ஏறிவிட்டார்கள். மாரியம்மா அக்கா குடத்துத் தண்ணியை ஊற்றிக் கல்லைக் கழுவினார், உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“உளி வச்சுக் கொத்திப் பொளியக்கூட வேண்டாம் தங்கச்சி, கல்லு நல்லா இருக்கு. நானே வச்சுக்கிடுறேன்.”

தெரு

தீபாவளி முடிந்து ஒரு சனிக்கிழமை, மத்தியானம். எங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருந்தது. மாமா மேட்டில் வேனை நிறுத்தி, சாத்தூர்க்காரர் ஒருத்தருக்குக் கையை நீட்டி நீட்டி மனை காட்டிக்கொண்டிருந்தார். கருவேலத்தில் கிடந்த காக்காய்கள் ஒன்றாக எழுந்து போயின. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

பள்ளத்தில் பழுப்பாக ஒரு கோடு நகர்ந்தது. முதலில் ஆட்டு மந்தை என்றுதான் நினைத்தேன். நுரை. அதற்கு முன்னால் காகிதக் குழாய்கள் உருண்டு வந்தன, மருந்து அடைக்காத வெடிக்குழாய், ஆயிரக்கணக்கில். மேற்கே ஏதோ கம்பெனிக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. பின்னால் வந்த தண்ணி மேலே பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப்பொடி மிதந்து, வெயிலில் மீன் வயிறு மாதிரி மினுங்கியது. மாரியம்மா அக்கா கம்பெனியில் இருப்பார், செல்வி தனியாக வீட்டில் இருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடினேன்.

அவள் உள்ளே தாழ் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவை உதைத்து எழுப்பும்போது தண்ணி என் கெண்டைக்காலில். வெளிப்பூச்சு முடியுமுன்னே குடிவந்த வீடு, கட்டின சாரம் இன்னும் அவிழ்க்கவில்லை, அதில் ஏற்றி மாடிக்குத் தள்ளினேன். மேலே நின்று பார்த்தோம். தண்ணி காட்டுக்குள் பரவவில்லை. மாமா போட்ட ரோட்டிலேயே வந்தது. முக்கில் நின்றது, பிறகு எங்கள் தெருப் பக்கம் திரும்பியது. ஜன்னல் வரைக்கும் ஏறி நின்றுகொண்டது. செல்வி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“நம்ம தெரு இதுதான்னு அதுக்கு எப்படிக்கா தெரியும்?”

மேட்டு வரிசை

பொழுது சாய்வதற்குள் வடிந்துவிட்டது. சுவரில் ஒரு கோடு மட்டும், என் நெஞ்சு உயரத்தில். கம்பெனி பஸ்ஸில் வந்து அக்கரையில் நின்று கத்திக்கொண்டிருந்த அக்கா, சேற்றில் விழுந்து எழுந்து வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

நான் அன்றைக்கு மாமாவிடம் சண்டை போட்டேன். மேட்டில் ஒரு மனையை அக்காவுக்கு மாற்றிக் கொடு, இல்லையென்றால் இனி வேனில் ஏறமாட்டேன் என்றேன். மேட்டு மனை எப்படியும் விற்கப்போவதில்லை, அதனால் பத்து நாள் கழித்து மாமா ஒத்துக்கொண்டார். பழைய செங்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கட்ட ஆளும் தருவதாகச் சொன்னார். நான் ஓட்டமாகப் போய்ச் சொன்னேன். அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். போர்த் தண்ணி கண்ணாடியாக ஓடியது.

“மேல உப்புத் தண்ணில்ல,” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். “வெள்ளம் என்னைக்கோ ஒரு நாளு. உப்புத் தண்ணி தினமும் குடிக்கணும்.” பேசிக்கொண்டே களைந்த தண்ணியைக் கொட்டினார். உள்ளே செல்வி கட்டிலில் உட்கார்ந்து, மேற்கு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததைக் கூடக் கவனிக்கவில்லை. அவளுக்கு என்ன என்று கேட்டேன்.

“அதுக்கப்புறம் அவ தூங்கவே மாட்டேங்கா தங்கச்சி, மேற்க ஒரு மின்னல் வெட்டுனாலும் எந்திரிச்சு உக்காந்துக்கிடுதா, வீட்டுல இப்படி ஒரு பிள்ளை இருக்கையில எங்களுக்கு என்ன பயம்?”

மேட்டு வரிசை முழுக்க இன்னும் அப்படியே கிடக்கிறது, உப்புத் தண்ணி சம்மதம் என்று யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே வேனில் கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.