அண்ணி தேர்ந்தெடுத்த சதுர ரெயில்

முக்காலி மேல் இரண்டு இரும்புகள் கிடந்தன. ஒன்று வழவழப்பான உருண்டைக் கம்பி. இன்னொன்று இடுப்பு சிறுத்த சதுர ரெயில். அதன் மேல் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு வண்டி, உள்ளே சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளோடு. ரிங்லெட் மலையூரில் எங்கள் வீட்டின் பின்கட்டில் அண்ணி அவற்றை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கல்யாணப் புடவை எடுக்கும்போதுகூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை. வீட்டிலேயே மில்லிங் இயந்திரம் கட்டப்போகிறாராம், இரும்பை மயிரிழை பிசகாமல் வெட்டுகிற இயந்திரம். வெட்டவேண்டிய இரும்பைத் தாங்கும் அதன் மேசை எதன் மேல் ஓடுவது என்பதுதான் அன்றைய பிரச்சினை.

அண்ணி தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் ஃபிட்டர். நான் அதே தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் இருந்தேன். எஸ்டேட் பட்டறையை மூடி, பழுது வேலைகளை ஈப்போவுக்கு அனுப்பத் தொடங்கியதும் அண்ணிக்கு வேலை போயிற்று. சிங்கப்பூரில் வேலை பார்த்த அண்ணன் உடனே போன் செய்தார். "கெளம்பி வந்துரு லா. ரெண்டு பேரும் இங்கயே சம்பாரிக்கலாம்." அண்ணிக்கு மலையை விட்டு இறங்க மனமில்லை. இங்கே ஒரு பம்பு உடைந்தாலும் லோரி ஏற்றிக் கீழேதான் அனுப்புகிறார்கள், நான் இருக்கும்போது ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டார். கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார். "மெஷின் கட்டி ஒரே ஒரு வேலைய சரியா வெட்டிப் பாக்குறேன். முடியலன்னா வாய மூடிக்கிட்டு வந்துர்றேன்." அண்ணி சொன்னால் சொன்னதுதான். அவர் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

பொருத்துவது சுலபம் என்பதால் உருண்டைக் கம்பியே போதும் என்றார் அண்ணன் போனில். அண்ணி கம்பியின் இரண்டு முனைகளையும் கட்டை மேல் நிறுத்தி, நடுவில் அளவு காட்டும் டயலை வைத்து, கட்டைவிரலால் கம்பியை அழுத்தினார். ஊசி நகர்ந்தது. "பாத்தியா புள்ள? வெரலுக்கே வளையுது. இரும்ப வெட்டயில சும்மா நிக்குமா?" என்றார். சதுர ரெயில் அப்படியில்லை. அதை நெடுகிலும் அடித்தளத்தோடு சேர்த்து முடுக்கிவிடலாம், நடுவில் தொய்யாது. ஆனால் தளம் கோணினால் ரெயிலும் கூடவே கோணும். எனவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணி அந்தத் தளத்தில் நீல மையைத் தடவி மேடு பள்ளம் பார்ப்பார், மேட்டைச் சுரண்டுவார், மறுபடி மை தடவுவார். பிடிவாதத்துக்குக் கை முளைத்தால் அது அண்ணியின் கையாகத்தான் இருக்கும் என்று கேலி செய்வேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

பக்கத்து லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவர், பம்பின் உடைந்த பேரிங் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போலே கா?" என்று கேட்டார். "போலே," என்று அண்ணி முடியும் என்பதாகத் தலையாட்டினார்.

அந்த வாரம் முழுக்க மழையும் மூடுபனியும். வேலையைத் தொடங்கலாம் என்று, கட்டி முடித்த இயந்திரத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினால், மேசையைத் தாங்கும் இரண்டு ரெயில்களிலும் ஜன்னல் பக்கம் முழுக்கச் செம்மண் நிறத் துரு. வண்டியைத் தள்ளினால் கரகரவென்றது. எப்படி என்று நான் திகைத்தேன். அண்ணி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்; எண்ணெய் மணம் பட்டால் அந்தத் தூள் குப்பைக்குத்தான் போகும். அதனால் எங்கள் தொழிற்சாலையில் பளபளக்கும் இரும்பில் எண்ணெயைக் கண்டால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அண்ணியின் கை அதே பழக்கத்தில், எண்ணெய் இல்லாவிட்டால் துருப்பிடிக்கும் அந்த ரெயில்களையும் மாலைதோறும் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. யாரைத் திட்டுவது?

அண்ணி குண்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தார். துருவைத் தேய்த்து எடுத்தும் குழிகள் போகவில்லை. அந்த இடத்தில் டயல் ஊசி துள்ளியது. ஜன்னல் வெளிச்சத்தில்தான் வெட்டுகிற வேலையே. அண்ணி எல்லாத் திருகாணிகளையும் கழற்ற ஆரம்பித்தார். "அந்தப் பக்கம் பிடி புள்ள." ரெயில்களை முனை மாற்றித் திருப்பிப் போட்டோம். கெட்ட பகுதி, மேசை அதிகம் போகாத சுவர்ப் பக்கம் போய்விட்டது. பிறகு பொறுமையாக மறுபடியும் நேர் பார்த்து முடுக்கினார். இந்த முறை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். ஊசி அசையாமல் நின்றது.

தவுக்கே மறுபடி வந்த அன்று புதுப் பேரிங்கை அண்ணி, தான் வெட்டிச் சரிசெய்த அந்தக் கூட்டுக்குள் வைத்து இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தினார். சுத்தியல் தேவைப்படவில்லை, ஆட்டமும் இல்லை, மெல்ல உள்ளே போய் உட்கார்ந்தது. தவுக்கே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் இன்னொரு பம்பும் இருக்கிறது என்றார். அந்த நேரம் பார்த்து அண்ணனின் அழைப்பு. அண்ணியின் கையெல்லாம் எண்ணெய். நான்தான் போனை அவர் காதில் வைத்தேன்.

"என்னாச்சு? டிக்கெட் போட்டுறவா?"

"போடுங்க," என்றார் அண்ணி. "ஒங்களுக்கு."